‘மயக்கம்’ என்று ஒரே கட்டம் வைத்தவர்களுக்கு

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும், வரவேற்பறைத் தொடுதிரைக்கு வாசகம் எழுதியவர்களுக்கும்,

முன்பெல்லாம் உங்கள் புறநோயாளர் பிரிவின் வாசலில் ஒரு மேசை இருக்கும். அதன் பின்னால் ஒரு செவிலியர் உட்கார்ந்திருப்பார். வருகிறவரின் முகத்தைப் பார்த்து, “என்னம்மா செய்கிறது?” என்று கேட்பார். சென்ற மாதம் என் அக்காவை அழைத்து வந்தபோது மேசையும் இல்லை, அவரும் இல்லை. ஆளுயரத்துக்கு ஒரு திரை நின்றது. ‘உங்கள் தொந்தரவைத் தொடுங்கள்’ என்றது. பன்னிரண்டு கட்டங்கள். அக்காவுக்கு 73 வயது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வயிற்றுவலி இல்லை. ‘மயக்கம்’ என்ற கட்டத்தில் விரலை வைத்தார். கீழே ஓ.பி. சீட்டு வந்து விழுந்தது. அதில் ஆங்கிலத்தில், நினைவு தப்பி விழுந்தவர் என்று அச்சாகியிருந்தது.

அக்காவுக்கு நினைவு தப்பவில்லை. அவர் விழவும் இல்லை. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் உத்தரம் சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அவருடைய தொந்தரவு முழுவதும் இந்த ஒரு வரிதான். இந்த வரியைச் சொல்ல உங்கள் திரையில் இடமில்லை.

சக்கர நாற்காலி வந்தது. இ.சி.ஜி. எடுத்தார்கள். தலைக்கு சி.டி. ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய்க்கு இன்னொரு ஸ்கேன். ஓர் இரவு கண்காணிப்பில் வைத்தார்கள். “நான் விழவில்லையே” என்று அக்கா மூன்று பேரிடம் சொன்னார். மூவரும் சீட்டைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், ‘விழுந்தது நோயாளிக்கு நினைவில்லை’ என்று எழுதியும் வைத்தார்.

மறுநாள் காலை வந்த இளம் மருத்துவர் ஒருவர்தான் தாளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, “எப்போது பாட்டி வருகிறது?” என்று கேட்டார். புரளும்போது என்றார் அக்கா. உடனே அக்காவின் தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்களைக் கவனித்தார். கருவிழிகள் துடித்தன. டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த சோதனை இது. ஒரு கட்டில் இருந்தால் போதும். உட்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் உருள்வதால் வரும் சுற்றல் என்று விளக்கினார். தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தத் துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் முறையை ஈப்ளி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் கட்டுரையாக எழுதினார். அதையும் அந்த இளம் மருத்துவர் அங்கேயே செய்து முடித்தார். எல்லாமாகப் பத்து நிமிடம். அன்று இரவு அக்கா எங்கள் வீட்டில் ரசம் வைத்தார்.

பில் பதினெட்டாயிரத்துச் சொச்சம். அதற்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. இந்த மடலில் நான் பேச வந்தது அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும்.

1988 முதல் 2019 வரை நான் செவிலியராக இருந்தேன். அதில் பதினாறு ஆண்டுகள் அவசரப் பிரிவில். இந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. அறுவடைக் களத்தில் வெயில் தாக்கியவரும் மயக்கம் என்றார், மூன்று நாளாகச் சாப்பிடாதவரும் மயக்கம் என்றார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 34 ஆக இறங்கியிருந்த பெரியவரும் அதையே சொன்னார். கல்யாண வீட்டில் அளவுக்கு மீறிக் குடித்த மாப்பிள்ளைத் தோழனைத் தூக்கி வந்தவர்களும், கௌரவம் கருதி, அதையே சொன்னார்கள். பள்ளியில் சத்துணவு ஒத்துக்கொள்ளாமல் இருபது பிள்ளைகள் வந்தால் மறுநாள் செய்தித்தாளில் ‘மாணவர்கள் வாந்தி, மயக்கம்’ என்றுதான் தலைப்பு வரும். அந்த இருபது பேரில் ஒரு பிள்ளைகூட நினைவு தப்பியிருக்காது. கல்யாணமான புதிதில் ஒரு பெண் மயக்கம் என்றால் வீட்டில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், மாமியார் சர்க்கரை டப்பாவைத் தேடுவார். அப்படிச் சிரித்துக்கொண்டே அழைத்து வரப்பட்ட ஒரு பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறுதான் இருந்தது. கர்ப்பம் இல்லை, வெறும் ரத்தசோகை.

மருத்துவமனைக்கு வெளியே இந்தச் சொல் இன்னும் விரிந்து கிடக்கிறது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்கிறோம். அங்கே அது சுகமான அசதி. பொழுது மயங்குகிறது என்றால் பகலும் இரவும் கலக்கிற நேரம். இலக்கணத்தில் ஒரு மெய்யெழுத்தின் பக்கத்தில் இன்னொரு மெய் வந்து சேர்ந்தால் அதற்கு மெய்ம்மயக்கம் என்று பெயர். ‘காமம் வெகுளி மயக்கம் இவைமூன்றன் நாமம் கெடக்கெடும் நோய்’ என்கிறது 360ஆம் குறள்; அங்கே மயக்கம் என்பது அறியாமை. பக்கத்திலேயே நோய் என்ற சொல்லும் நிற்பதால், உங்கள் திரை வள்ளுவரையும் சக்கர நாற்காலியில் ஏற்றிவிடும். ஒரு சொல் இந்தப் பொருளா அந்தப் பொருளா என்று தெரியாமல் நின்றால் அதற்கும் தமிழில் பொருள் மயக்கம் என்றே பெயர். அப்படிப்பட்ட சொல்லைத்தான் நீங்கள் ஒரு கட்டத்துக்குள் தனியாக நிறுத்தியிருக்கிறீர்கள்.

அதே நாளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காவை ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். கையில் 46ஆம் எண் டோக்கன். அப்போது 19ஆம் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, விரல்கள் நடுங்கின. “என்னய்யா செய்கிறது?” என்று கேட்டேன். பழக்கம் விடவில்லை. “ஒரு மாதிரி கிறக்கமாக இருக்கிறது அம்மா” என்றார். திரையில் எதைத் தொட்டீர்கள் என்றேன். ‘உடல் அசதி’ என்றார். மயக்கம் என்று இருந்ததே, அதை ஏன் தொடவில்லை என்று கேட்டதற்கு, “நான் விழவில்லையே” என்றார்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விடியற்காலையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே ஓடி ஒரு செவிலியரைக் கூப்பிட்டு, விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, 54க்குக் கீழே ஆபத்து என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள், கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். 46ஆம் எண்ணைக் கூப்பிடும் வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் நிஜமாகவே மயங்கி விழுந்திருப்பார். அப்போது உங்கள் திரைக்கு அவரைப் புரிந்திருக்கும்.

ஒரே சொல்லை ஒரே காலையில் இரண்டு பேர் படித்தார்கள். அக்கா அதைத் தலைசுற்றல் என்று எடுத்துக்கொண்டு தொட்டார். பெஞ்சில் இருந்தவர் அதை விழுதல் என்று எடுத்துக்கொண்டு தொடாமல் விட்டார். இருவர் தமிழிலும் பிழையில்லை.

பிழை எங்கே என்று யோசித்தபோது எனக்குத் தோன்றியது இது. நம் ஊரில் யாரும் ‘மயக்கம்’ என்று மொட்டையாகச் சொல்வதில்லை. ‘மயக்கம் போட்டுவிட்டது’ என்றால் நினைவு தப்பிவிட்டது. ‘மயக்கம் வருகிற மாதிரி இருந்தது’ என்றால் தப்பவில்லை, தப்பப் பார்த்தது. கண் இருட்டியிருக்கும், காது அடைத்திருக்கும். ‘மயக்கமாகவே இருக்கிறது’ என்று இழுத்துச் சொன்னால் நாளெல்லாம் தொடரும் சோர்வு, தலைபாரம். ‘மயக்கத்தில் இருக்கிறார்’ என்றால், சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் குடியா, மருந்தா, நோயா என்று தீர்மானிக்க வேண்டும். ‘மயக்கம் கொடுத்துவிட்டார்கள்’ என்றால் ஆள் அறுவை அரங்குக்குள் போயாயிற்று. பெயர்ச்சொல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். நோயை வேறுபடுத்திக் காட்டுவது அதன் பின்னால் வருகிற வினைச்சொல். கட்டம் சிறியது என்று அந்த வினையை வெட்டி எறிந்துவிட்டீர்கள்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. என் கணவர் தமிழாசிரியர். சாப்பாட்டு இலையில்கூட இலக்கணம் பரிமாறுகிறவர். பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்குத் தொல்காப்பியத்தில் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா உண்டு என்று சொல்வார்: ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே.’ மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு, வினை காட்டிக்கொடுத்துவிடும். இனம் என்பது கூட வருகிற சொற்கள். சார்பு என்பது அது சொல்லப்படும் இடம், சூழல். மா வீழ்ந்தது என்று வினையும் பிரித்துக் காட்டாமல் போனால் மாமரம், குதிரை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

அவர் உயிரோடு இருந்தபோது இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பாதி காதில்தான். அன்று உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், அவசரப் பிரிவில் நாங்கள் செய்துகொண்டிருந்ததும் இதுவே என்று உறைத்தது. போட்டதா, வருகிறதா, இருக்கிறதா என்பது வினை. கூடவே வாந்தி உண்டா, வியர்வை உண்டா, காதில் இரைச்சல் உண்டா, பேச்சு குழறுகிறதா, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றனவா என்பது இனம். புரளும்போதா, எழும்போதா, சாப்பிடாமல் இருக்கும்போதா, புது மாத்திரை தொடங்கிய பிறகா என்பது சார்பு. திடீரென்று தலை சுற்றி, அதோடு பேச்சு குழறி, கால் தரிக்காமல் போகிறவருக்கு அது மூளையைத் தாக்கிய பக்கவாதமாக இருக்கலாம். அவரும் வாசலில் ‘மயக்கம்’ என்றுதான் சொல்வார்.

உங்கள் அலுவலர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு, “ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் வராது மேடம், தமிழில் சொற்கள் துல்லியமாக இல்லை” என்றார். நான் கோபப்பட்டது அங்கேதான். தலைசுற்றலுக்கு ஆங்கிலேயர் சொல்லும் ‘டிஸினெஸ்’ என்ற சொல்லும் இதே போல நான்கு திசைக்கு இழுபடுகிற சொல்தான். 1972இல் டிராக்மன், ஹார்ட் என்ற இரு மருத்துவர்கள் அந்த ஒரு சொல்லை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள்: சுற்றுவது, நினைவு தப்பப் பார்ப்பது, நடையில் தள்ளாடுவது, இன்னதென்று சொல்ல முடியாத வெறுமை. பல ஆண்டுகள் எல்லோரும் அதைத்தான் படித்தார்கள். 2007இல் நியூமன் டோக்கர் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அவசரப் பிரிவு நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்தபோது, சிறிது நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டால் பலர் வேறு வகையைச் சொன்னார்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதனால் தூண்டப்படுகிறது என்ற பதில்கள்தாம் அந்த அளவுக்கு மாறவில்லை. ஆகவே ஒரு கட்டத்தை நான்கு கட்டமாக்கிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். சொல்லை விட்டுவிட்டுச் சார்பைக் கேளுங்கள் என்கிறது ஆங்கிலத்தில் நடந்த அந்த ஆய்வு. தமிழில் துல்லியம் வேண்டுமென்றால் கிறுகிறுப்பு இருக்கிறது, கிறக்கம் இருக்கிறது, தலைசுற்றல், கண்ணிருட்டல், தள்ளாட்டம், அசதி இருக்கின்றன. உங்கள் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

இயந்திரத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஓர் இரவுப் பணி. நடவு வேலை செய்கிற அம்மா ஒருவர் வந்தார். “எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, மயக்கமாக வருகிறது” என்றார். நான் குறிப்பேட்டில் தலைசுற்றல் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதினேன். பணி மருத்துவர் அதைப் பார்த்துத் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை எழுதினார். விடியற்காலையில் அந்த அம்மா கழிவறைக்குப் போய்விட்டு வந்து, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றார். முட்டிவலிக்குக் கடையில் வாங்கித் தின்ற மாத்திரையால் வயிற்றில் புண்ணாகி உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி அவர் பிழைத்துக்கொண்டார். ‘எழுந்து நின்றால்’ என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். அந்த இரண்டு சொற்களை எழுதாமல் விட்டது நான். படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் போதும். மேல் அளவு இருபது இறங்கினாலே எச்சரிக்கை. அதற்குப் பிறகு முப்பது வருடம், நோயாளி சொன்ன முதல் வாக்கியத்தை அவர் சொன்னபடியே தமிழில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். சில மருத்துவர்கள் கேலி செய்ததுண்டு.

நான் ஒரு முறை செய்த தவறை உங்கள் திரை நாள் முழுவதும் செய்கிறது. நான் திருத்திக்கொள்வதற்கு அந்த அம்மா என் முன்னால் இருந்தார். திரையின் முன்னால் நின்றுவிட்டுப் போகிறவர் என்ன ஆனார் என்று திரைக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கும் படிவத்தையும் அன்று பார்த்தேன். ‘இதற்கு முன் உங்களுக்கு மயக்கம் ஏற்பட்டதுண்டா?’ என்று ஒரு கேள்வி. மயக்க மருந்தால் முன்பு ஏதாவது கோளாறு வந்ததா என்று கேட்க நினைத்திருக்கிறீர்கள். கண்புரைக்கு வந்திருந்த ஒரு பாட்டி, “வெயிலில் போனால் வருமே” என்று சொல்ல, பேரன் ‘ஆம்’ என்று குறித்துக்கொடுத்தான். அந்த ‘ஆம்’ யார் யாரை என்ன பாடு படுத்தியதோ.

நான் கேட்பவை இவை. வாசலில் அந்த நாற்காலியைத் திரும்பப் போடுங்கள். அதில் இந்த மாவட்டத்துப் பேச்சு தெரிந்த ஒரு செவிலியரை உட்காரவையுங்கள். திரை வேண்டுமானால் பக்கத்திலேயே இருக்கட்டும், காய்ச்சலுக்கும் கட்டு மாற்றுவதற்கும் அது போதும். ‘மயக்கம்’ என்ற கட்டத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மூன்று கேள்விகள் வரட்டும்: விழுந்தீர்களா, நினைவு தப்பியதா? என்ன செய்யும்போது வருகிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரா, இன்று சாப்பிட்டீர்களா என்று எல்லோரிடமும் கேளுங்கள். மருந்து எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தவருக்கு டோக்கன் கொடுப்பதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். வெறும் வயிற்றில் வாருங்கள் என்று எழுதும் சீட்டிலேயே, காலை மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு வரி சேருங்கள்.

ஓ.பி. சீட்டின் தலைப்பில் இரண்டு வரி இடம் விடுங்கள். அதில் நோயாளி சொன்ன வாக்கியம் தமிழில், அவர் சொன்ன வினைச்சொல்லோடு எழுதப்பட வேண்டும். ஆங்கிலப் பெயர் அதற்குக் கீழே வரட்டும். அறுவைப் படிவத்தில் ‘மயக்க மருந்து கொடுத்தபோது’ என்று முழுதாகக் கேளுங்கள். அக்காவின் கோப்பில் ‘விழுந்தது நினைவில்லை’ என்று இருக்கும் வரியை அடித்துவிட்டு, திருத்திய நகல் ஒன்றை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த முறை அவரைப் பார்க்கிற மருத்துவர் அதை நம்பி மருந்து எழுதிவிடக் கூடாது.

இந்தப் பக்கத்து மக்கள் தலைக்கும் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் சொல்கிற சொற்களை, எந்தச் சொல் எந்த வினையோடு வந்தால் என்ன என்று, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. உங்கள் செவிலியர்களுக்கு ஒரு மணி நேரம் அதைப் படித்துக்காட்ட அனுமதி கொடுங்கள். செவ்வாயோ வியாழனோ, காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளானாலும் வருகிறேன். ஊதியம் வேண்டாம், பஸ் வசதி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்